மழை எந்தப் பக்கம் பெய்கிறது? நீலகிரியில் வருடம் முழுக்க வெளியே சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதம் ஒரு நாள் காலையில் கூடலூரில் பஸ் ஏறினேன். கடைத் திண்ணையில் இருந்து பஸ் படிக்கட்டு வரை பத்தடிதான் இருக்கும், அதற்குள் பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. நடுவட்டம் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே எதுவுமே தெரியவில்லை, வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல மேகம். ஊட்டியில் சாரலும் காற்றும். அங்கே பஸ் மாறி, தொட்டபெட்டா மலையைச் சுற்றிக்கொண்டு கட்டபெட்டு வந்து சேர்ந்தபோது சுள்ளென்று வெயில். ரோட்டோரத்தில் ஒரு அம்மா கம்பளியை உதறிக் காயப்போட்டுக்கொண்டு இருந்தார். மொத்த தூரம் எண்பது கிலோமீட்டருக்குள்தான். என் மடியில் இருந்த குடை அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. சமவெளியில் இருந்து போன் பண்ணுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப வந்தா அங்க மழையா இருக்குமா?" இருக்கும். எங்கேயோ ஒரு பக்கம் கண்டிப்பாக இருக்கும். அது எந்தப் பக்கம், என்ன மாதிரி மழை என்று தெரிந்துகொண்டால் வருடத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டிய நாட்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வரும். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மலையில் குடியிருப்பவர்கள், வேலைக்காக மாற்றலாகி வந்தவர்கள், மாதம் ஒரு முறையாவது மேலே ஏறி வருகிற கோயம்புத்தூர், ஈரோடு ஆட்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

முதல் படி: மலைக்கு இரண்டு முகம் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

நீலகிரியை ஒரே ஊராக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற தென்மேற்குக் காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, மலையின் மேற்கு ஓரத்தில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமையை எல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. கூடலூர், தேவாலா, பந்தலூர், நடுவட்டம், அப்புறம் குந்தா பக்கத்தில் அவலாஞ்சி, அப்பர் பவானி, எல்லாம் இந்த மழையை நேராக மார்பில் வாங்குகிற இடங்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பல சமவெளி ஊர்களுக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழை அது.

அந்த மேகம் கிழக்கே வரும்போது 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா குறுக்கே நிற்கிறது. மலைமுகட்டைத் தாண்டி இறங்குகிற காற்றில் ஈரம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அதனால் அதே ஜூலையில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் தூறல், நடுநடுவே வெயில், நடக்க அருமையான குளிர்.

அக்டோபர் பாதியில் கதை தலைகீழாக மாறும். வடகிழக்குக் காற்று வங்கக்கடல் பக்கம் இருந்து வரும்போது முன்வரிசையில் நிற்பது கோத்தகிரி, குன்னூர், கேத்தி, பர்லியாறு. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர்கள் குடியிருக்கிற ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கிற ஒரு பெரியவர் இன்றைக்கும் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் ராத்திரி எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண் சுவரை டார்ச் அடித்துப் பார்க்கிறார். மழையை ரசிப்பது பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

ஊட்டி நடுவில் இருப்பதால் இரண்டு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும். மசினகுடி மலைக்கு வடக்கே கீழே இறங்கி இருப்பதால் மழை மறைவு, மேலே கொட்டும்போது அங்கே பெரும்பாலும் காய்ந்த தரையாகவே இருக்கும்.

ஆகவே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்கே போங்கள், அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் வரை மழை இடைவெளி பார்த்து மேற்கே போங்கள்.

இரண்டாவது படி: மழையைத் தரம் பிரிக்கப் பழகுங்கள்

இங்கே வந்த புதிதில் ஒரு நாள் தூறல் விழுந்ததும் தேயிலைக் கொழுந்து எடை போடுகிற ஷெட்டின் கீழே ஒதுங்கி நின்றேன். அரை மணி ஆயிற்று. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "இது விடுற மழை இல்ல தம்பி, போய்ட்டே இருங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது. மழையில் விடுகிற மழை ஒன்று, விடாத மழை ஒன்று.

தென்மேற்குப் பருவத்தில் கிழக்குப் பக்கம் விழுவது விடாத மழை. பொடித் தூறல், சாரல், காற்று, மறுபடி தூறல். இதற்குக் காத்திருப்பதில் பயனே இல்லை, சரியான உடுப்போடு நடந்துவிடலாம். ஏப்ரல், மே மாதக் கோடை மழை விடுகிற மழை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கருத்து, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டி, ஆறு மணிக்கெல்லாம் வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒதுங்கி நிற்க வேண்டும், நடக்கக் கூடாது, ஏனென்றால் இதில் மின்னல் இருக்கிறது. மொட்டை மேட்டிலும் தனி மரத்தடியிலும் இருந்துவிடாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுவதுதான் கோடைக்கான கணக்கு.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதில் வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது. இதைக் கண்டுபிடிக்க வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கை உதவும். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை என்றால் மஞ்சள், அதற்கு மேல் 20.4 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் சிவப்பு. என் வழக்கம் இது: மஞ்சள் என்றால் தார்ரோட்டை விட்டு இறங்க மாட்டேன், ஆரஞ்சு என்றால் எங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே சின்ன நடை, சிவப்பு என்றால் வீடு. ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து வரும். அதனால்தான் முதல் படி முக்கியம்: ஆகஸ்ட்டில் வருகிற ஆரஞ்சு பெரும்பாலும் கூடலூர், அவலாஞ்சி பக்கத்தை மனதில் வைத்து வருவது, நவம்பரில் வருவது எங்களுக்கு.

கண்ணாலும் பார்க்கப் பழகுங்கள். ஜூலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேற்கே தொட்டபெட்டா முகட்டின் மேல் மேகம் பஞ்சுச் சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கும், இந்தப் பக்கம் வழிந்து இறங்கும், இறங்க இறங்கக் கரைந்து போகும். அது கரைந்துகொண்டே இருக்கிற வரைக்கும் எங்களுக்கு நல்ல நாள். நவம்பரில் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் இருந்து, கோடநாடு பக்கமாக, மேகம் மேல்நோக்கி ஏறி வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மழை பிடித்துவிடும்.

முடிந்தால் வீட்டில் ஒரு மழைமானி வையுங்கள். கடையில் வாங்க வேண்டும் என்று இல்லை, பக்கம் நேராக இருக்கிற ஒரு சில்வர் டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் காலண்டரில் எழுதினால் போதும். ஒரு வருடம் எழுதிவிட்டால் உங்கள் ஊர் மண் எவ்வளவு மழைக்கு வழுக்கும், எவ்வளவுக்கு ஓடை கலங்கும் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

மூன்றாவது படி: உடுப்பு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ஏறுவது கிட்டத்தட்ட 1,900 மீட்டர். அப்படியென்றால் கீழே வியர்த்துக்கொண்டு ஏறியவர் மேலே பன்னிரண்டு டிகிரி குறைந்த காற்றில் இறங்குகிறார். அதோடு நனைந்தும் போனால்?

மூன்று வருடம் முன்பு ஆகஸ்ட்டில் சித்தப்பா பையன் தஞ்சாவூரில் இருந்து வந்திருந்தான். எமரால்டு பக்கம் ஏரிக்கரையில் நடக்கலாம் என்று கூட்டிப்போனேன். ஜீன்ஸ், பனியன், மேலே ஒரு காட்டன் சட்டை, கடையில் வாங்கின மெல்லிசு ரெயின்கோட். ஒரு மணி நேரத்தில் ரெயின்கோட் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. முதலில் நன்றாக நடுங்கினான், அது பரவாயில்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுபோய், கேட்ட கேள்விக்குக் குழறிக் குழறிப் பதில் சொல்ல ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காருக்குத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து, ஈரத் துணி முழுவதையும் கழற்றி, என் உலர்ந்த ஸ்வெட்டரையும் குல்லாவையும் போட்டுவிட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது. அன்றைக்குப் பனி கிடையாது, பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்திருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் அந்தக் குளிரே போதும்.

ஆகவே உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். விளையாட்டுக்குப் போடுகிற, சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் டி-ஷர்ட், அதே மாதிரி டிராக் பேன்ட். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அதற்கும் மேல் மழைக்கும் காற்றுக்கும் ஒரு ஜெர்கின். ஜெர்கின் வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால் மட்டும் காசு கொடுங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் தோள்பையையும் சேர்த்து மூடுகிற போஞ்சோ நல்ல தேர்வு, ஆனால் காற்று அடிக்கிற மேட்டில் அது படபடத்துக் கண்ணை மறைக்கும். காற்றில்லாத தூறலில் தேயிலைத் தோட்ட ரோட்டில் நடக்க நான் இன்னமும் குடைதான் எடுத்துப்போகிறேன். வியர்க்காது, சத்தமும் கேட்கும்.

காலுக்கு இரண்டு வழி. சேறு, தோட்டப் பாதை, இரண்டு மணி நேர நடை என்றால் முழங்கால் வரை வருகிற ரப்பர் கம்பூட். மலைக்காரர்கள் எல்லோரும் போடுவதற்குக் காரணம் இருக்கிறது, அட்டையும் ஏறாது, பட்டால் அரிக்கிற செந்தட்டிச் செடியும் உரசாது. ஆனால் சரிவான இறக்கத்தில் கம்பூட் போட்டால் விரல் நசுங்கும், பிடிமானமும் இருக்காது. நீள நடைக்கு அடியில் பல் ஆழமாக இருக்கிற ஷூ. "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதிகம் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கப் பெய்கிற மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கிவிடும், அப்புறம் அந்த ஷூவில் இருந்து வெளியேயும் போகாது. நனைந்தால் நனையட்டும், சீக்கிரம் வடிய வேண்டும், சறுக்கக் கூடாது.

பையில் எப்போதும் கிடக்க வேண்டியவை: மாற்றுத் துணி ஒரு செட், இரண்டு ஜோடி சாக்ஸ், குல்லா, வெல்லம் அல்லது கடலை மிட்டாய், டார்ச், விசில். பைக்கு மேலே போடுகிற உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாக வழிந்து இறங்கும். பைக்குள்ளே கனமான பெரிய கவரை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கவரை வருடக்கணக்கில் வைத்திருங்கள், மலையில் எறிந்துவிட்டு வராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இந்த மாவட்டத்தில் தடை, தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்து. சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் வழியில் தண்ணீர் ஏ.டி.எம்.களில் பிடித்துக்கொள்ளலாம்.

நான்காவது படி: அட்டையோடு சமாதானம்

மழைக்காலத்தில் சோலைக் காட்டுக்குப் பக்கத்தில் நடக்க முடியாது என்று சொல்கிறவர்கள் பயப்படுவது மழைக்கு இல்லை, அட்டைக்குத்தான். ஒரு தடவை நின்று அதை நிதானமாகப் பாருங்கள். இலை நுனியில் தீக்குச்சி அளவுக்கு நின்றுகொண்டு, தலையை நாலு பக்கமும் ஆட்டிக் காற்றைத் துழாவும். உங்கள் காலடி அதிர்வும் மூச்சும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஷூவின் முனையில் ஒட்டியதும் வாலை ஊன்றி உடம்பை வில்லாக வளைத்து, சாண் போட்டு அளக்கிற மாதிரி மேலே ஏற ஆரம்பிக்கும். கணுக்காலுக்கு வர எப்படியும் அரை நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று ஷூவைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

டிராக் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வருகிற அட்டை சாக்ஸ் கிடைக்கிறது, அதுதான் முழுப் பாதுகாப்பு. சாக்ஸ் மேல் வேப்பெண்ணெய் தடவலாம். உப்பைத் துணியில் முடிந்து ஒரு குச்சியில் கட்டி எடுத்துப்போனால் ஷூ மேல் ஏறுகிறதைத் தொட்டுவிடலாம், உடனே சுருண்டு விழும். ஆனால் தோலில் கடித்துக்கொண்டு இருக்கிறபோது உப்பு போடாதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள், அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெலிந்த முனை எதுவோ அதுதான் வாய்ப்பக்கம். அதன் பக்கத்தில் தோலில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிடி விட்டுவிடும். மறு முனையையும் அதே மாதிரி தள்ளிச் சுண்டிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுகிறது, அதனால் ஒரு மணி நேரம் கூடக் கசியலாம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மழைக்காலத்தில் சோலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது படி: எந்த மாதம் எங்கே

*ஜூன் முதல் செப்டம்பர்.* எனக்குப் பிடித்த காலம் இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டம் குறைவு, தேயிலை பச்சை கண்ணைப் பறிக்கும். கோத்தகிரி ஊரை ஒட்டி இருக்கிற லாங்வுட் சோலையில் ஒரு தூறல் நாளில், வனத்துறை அனுமதிக்கிற பாதையில், ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். வெறும் 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றி இருக்கிற ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருகிற காடு, 2024ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே மழை பெய்துகொண்டே இருக்கும். பாசி பிடித்த கிளைகள் மேகத்தில் இருந்து ஈரத்தைப் பிடித்துப் பிடித்து இலை இலையாகச் சொட்டவிடும். அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நடுவில், ஓடைப் பக்கம் இருந்து யாரோ ஒரு பையன் மெட்டு தெரியாமல் சும்மா விசில் அடித்துக்கொண்டு போகிற மாதிரி கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. மழை மாதங்களில்தான் அது நன்றாகப் பாடும். என் மகளுக்கு ஆறு வயதில் இதைக் காட்டினேன், இப்போது அவள்தான் முதலில் கேட்டுவிட்டு என் கையை இழுக்கிறாள்.

கோடநாடு காட்சிமுனைக்கு அதிகாலையில் போனால் கீழே மாயாறும் தெங்குமரஹாடாவும் தெரியும், எட்டு மணிக்கு மேல் மேகம் மூடினாலும் மூடும், காத்திருந்தால் திறக்கும். அந்தச் சரிவுகளைப் பார்த்து எல்லோரும் குறிஞ்சியைக் கேட்பார்கள். 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற நீலக்குறிஞ்சி பெரிய அளவில் கடைசியாக 2018ல் பூத்தது, அடுத்தது 2030. குன்னூரில் 1874ல் ஆரம்பித்த சிம்ஸ் பூங்கா, லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் போகிற தேயிலைத் தோட்ட ரோடு, இவை எல்லாம் தூறலில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்றவை. நாலு நாள் தொடர்ந்து நனைந்து அலுத்துவிட்டால் மசினகுடிக்கு இறங்கி வெயில் காய்ந்துவிட்டு வாருங்கள். அது புலிகள் காப்பகம், கால்நடையாகக் காட்டுக்குள் போவதற்கு இடமில்லை, முதுமலையில் வனத்துறை வண்டியிலேயே சுற்றிப் பார்க்கலாம்.

மழையையே பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், எச்சரிக்கை இல்லாத ஒரு நாளில் கூடலூர் ரோட்டில் ஊசிமலை, பைக்காரா வரை போய் வாருங்கள். மேகம் பள்ளத்தில் இருந்து நேராக முகத்துக்கு ஏறி வரும். தார்ரோட்டையும் காட்சிமுனையையும் விட்டு இறங்க வேண்டாம்.

*அக்டோபர், நவம்பர், டிசம்பர் முதல் பாதி.* இப்போது மேற்குப் பக்கம் புல்வெளி எல்லாம் கழுவித் துடைத்த பச்சை, அருவிகளில் தண்ணீர் தெளிந்து நிறைய ஓடும். பைக்காரா, அவலாஞ்சி, கூடலூர் போக இதுதான் நேரம், ஆனால் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்றால் ஒத்திப்போடுங்கள். மலை ரயில் பற்றி ஒன்று: 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் போட்ட 46 கிலோமீட்டர் பாதை இது. பல்சக்கரத் தண்டவாளம் இருக்கிற கல்லாறு–குன்னூர் பகுதியில் இந்த மாதங்களில் மண்ணும் பாறையும் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும். மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் போட்டுவிட்டு ஏமாறுவதைவிட குன்னூர்–ஊட்டி 19 கிலோமீட்டருக்கு ஏறிக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் ஓடும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மேகத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும்.

*டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி.* வானம் தெளிவு, தரை உலர்வு, நீள நடைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. விடிவதற்கு முன்னால் தலைகுந்தா, காந்தல் பக்கம் போனால் உறைபனி பார்க்கலாம். புல் ஒவ்வொன்றும் உப்புத் தூள் ஒட்டின மாதிரி நிற்கும், மிதித்தால் நொறுங்கும். வெயில் ஏறின பத்து நிமிடத்தில் எல்லாம் நீராகிவிடும். ஓரத்தில் நின்றே பாருங்கள், உறைந்த புல்லை மிதித்தால் அது கருகிப்போகும். மேட்டுச் சோலைகளின் ஓரத்தில் ரோடோடென்ட்ரான் ரத்தச் சிவப்பில் பூப்பதும் இந்தக் குளிர் முடியும் சமயத்தில்தான்.

*மார்ச் முதல் மே.* காட்டுத் தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்கு அப்புறம் இந்த மாதங்களில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவதை யாரும் தடையாக நினைக்கக் கூடாது. தேயிலைத் தோட்ட ரோடு, ஊர்ப் பூங்கா, ஹட்டிகளுக்கு இடையிலான பாதை என்று காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சிக்கு வண்டிகள் முட்டி மோதும், அந்த மாதம் நான் காரை எடுப்பதே இல்லை.

ஆறாவது படி: அனுமதி

2024 மே 7 முதல் சொந்த வண்டியில், வாடகை வண்டியில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். விதி அவ்வப்போது மாறுவதால் கிளம்புகிற வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தக் கவலையே இல்லை, மழைநாளில் மலைப்பாதை ஓட்டுகிற வேலையும் மிச்சம்.

காட்டுப் பாதைகளுக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்யலாம். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு தொடங்கியது, நீலகிரியில் கெய்ர்ன் ஹில் மாதிரி சுலபமானதும் உண்டு, பார்சன்ஸ் வேலியில் இருந்து முக்கூர்த்தி போகிற மாதிரி கடினமானதும் உண்டு. கரிக்கையூரில் இருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்குப் போவதுதான் என் சிபாரிசு. வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்தந்தப் பகுதி மக்கள், காடு அவர்கள் வீடு. பதிவு இல்லாமல் யாராவது ஜீப்பில் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள்.

ஏழாவது படி: எப்போது திரும்புவது

ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டு இருந்தது சட்டென்று குறைந்தாலோ மேலே எங்கேயோ மண் பெயர்ந்திருக்கிறது. ஓடையில் இருந்து மேட்டுப் பக்கமாக விலகுங்கள். ரோட்டில் புது விரிசல், சாய்ந்த கம்பம், மண் சுவரில் புதிதாகத் தண்ணீர் ஊற்றெடுப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த இடத்தில் நிற்காதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம். 1077க்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நாலு நாள் மழைக்குப் பிறகு காற்று அடித்தால் யூகலிப்டஸும் வாட்டிலும் வேரோடு சாயும், எச்சரிக்கையே கிடையாது. அந்த மரங்களுக்குக் கீழே வண்டி நிறுத்துவதும் சாப்பிட உட்காருவதும் வேண்டாம்.

மிருகங்கள் பற்றி மழைக்காலத்தில் கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மழைச் சத்தத்தில் நம் காலடி அவற்றுக்குக் கேட்பதில்லை. தேயிலைப் புதர் வளைவில் திரும்பினால் காட்டெருமை பத்தடியில் நிற்கும், கரடி அதைவிட மோசம், அது பயந்தால் ஓடாது, பாயும். அதனால் மூடுபனியிலும் மழையிலும் பேசிக்கொண்டே நடங்கள், குச்சியால் கல்லைத் தட்டிக்கொண்டு போங்கள். காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் தோட்டப் பாதை வேண்டாம். பலாப்பழ நாட்களில் பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டுக்கே வரும், அங்கே வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள், இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியர், மேகத்துக்குள் லோ பீம் போதும், ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

எட்டாவது படி: வீட்டுக்கு வந்த பிறகு

வருடம் முழுக்க வெளியே போவது இந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஈர ஷூவை மூலையில் தள்ளிவிட்டால் நாளைக்கும் ஈரம், நாளன்றைக்குப் பூஞ்சை, அதற்கு மறுநாள் நீங்கள் வெளியே போகமாட்டீர்கள். வாசலிலேயே ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு என்று அட்டை பாருங்கள், பிள்ளைகளுக்கும் பாருங்கள். ஷூவுக்குள் பாதத்துக்குக் கீழே இருக்கிற மெத்தையைத் தனியாக எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி நுனி வரைக்கும் அடைத்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுசு, படுக்கப் போகும்போது இன்னொரு தடவை. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை விட்டு அடி பெயர்ந்துவிடும். ஜெர்கினை ஹேங்கரில் மாட்டிச் சொட்டவிடுங்கள், மடித்து வைத்தால் ஒரு வாரத்தில் நாற்றம் பிடிக்கும்.

மகள் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே காலண்டரை எடுத்து வந்து எட்டரை மணிக்கு என்ன அளந்தோம் என்று கேட்பாள். இன்றைக்கு 14 மில்லிமீட்டர், மேற்கே முகட்டில் மேகம் இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது, ஷூவுக்குள் இரண்டாவது தாள் மாற்றியாயிற்று.